குடிகாரன் அல்ல, நோயாளி!

நாக்கு குழறுகிறது. கால் தள்ளாடுகிறது. பஸ்ஸில் ஏறி, "காரைக்கால் ஒண்ணு" என்று கேட்டு முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். "என்ன, காலையிலேயே போட்டாச்சா?" என்கிறார் கண்டக்டர். பஸ்ஸே சிரிக்கிறது.

காரைக்காலில் இந்தச் சந்தேகம் வருவதில் ஆச்சரியம் இல்லை. சரக்கு விலை மலிவு என்று நாகை பக்கத்து 'குடிமகன்கள்' இங்கே படையெடுப்பது ஊரறிந்த சங்கதி. வாஞ்சூர் எல்லையில் நிற்கும் போலீசாருக்கும் தள்ளாட்டம் தினசரிக் காட்சி. ஆனால், ஒரு சொட்டுகூடத் தொடாதவருக்கும் இதே நடை, இதே பேச்சு வரும்!

அது ஒரு பரம்பரை நோய். 'அட்டாக்சியா' என்பார்கள் டாக்டர்கள். நடையையும் நாக்கையும் சீராக இயக்குவது சிறுமூளை. அது தேயத் தேய, வார்த்தை இழுபடும், உடைபடும். புத்தி மட்டும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். பஸ்ஸில் யார் சிரித்தார், என்ன சொன்னார் என்று எல்லாம் புரியும். பதில் சொல்லத்தான் நாக்கு வராது. கொடுமை அல்லவா இது?

இதில் பல வகை. தென்னாட்டில் அதிகம் தென்படுவது முதல் வகை. அதற்குக் காரணமான மரபணுவை 1993-ல் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதில், அதாவது குடும்பத்துக்குச் சம்பாதிக்கிற வயதில் தலைகாட்டும். அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்கு இருந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தாரிடம் இது அதிக அளவில் இருப்பதை 2005-ல் டாக்டர்களே எழுதினார்கள். எங்கோ சீமையில் உள்ள சீக்கு என்று தள்ளிவிட முடியாது.

அடியோடு குணப்படுத்த மருந்து இல்லை. பேச்சுப் பயிற்சி உண்டு. மெதுவாக, மூச்சு விட்டு, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசப் பழக்குவார்கள். கேட்கிறவருக்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் பேச்சுக் குறைபாடும், நாள்பட்ட நரம்பு நோயும் சேர்ந்திருக்கின்றன. அரசு டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி, அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால், வாய் சொல்ல முடியாததை அட்டை சொல்லும்.

போலீசாருக்கு ஒரு வார்த்தை. சந்தேகம் என்றால் ஊதச் சொல்லிப் பார்க்கலாமே! கருவி எதற்கு இருக்கிறது? கையை ஓங்குவதற்கு முன் அதை எடுக்கட்டும். கண்டக்டர்களுக்கு வேலை இன்னும் சுலபம். டிக்கெட்டைக் கொடுத்து, உட்கார ஒரு இடம் காட்டினால் போதும்.