ஆர்டர் நிறைந்தால் ஆபத்து விலகுமா?

மானகிரியிலும் காரைக்குடியிலும் பங்குச் சந்தைப் பேச்சு எழுந்தால் விமானம் தயாரிக்கும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், அதாவது எச்.ஏ.எல். என்ற பெயர் தவறாமல் வருகிறது. “அரசாங்கக் கம்பெனி, கைநிறைய ஆர்டர், போட்டிக்கு ஆளில்லை. அதற்கென்ன ரிஸ்க்?” என்று முடித்தும் விடுகிறார்கள். சொல்லப்படும் மூன்று காரணங்களும் நிற்கவில்லை.

முதலில் ஆர்டர். 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கும், 2025 செப்டம்பரில் ரூ.62,370 கோடிக்கு மேலும் 97 விமானங்களுக்கும் ஒப்பந்தமாயிற்று. ஆனால் முதல் விமானம் 2024 மார்ச்சில் வந்திருக்க வேண்டும். 2025 முடியும்வரை ஒன்றுகூட விமானப்படைக்குப் போய்ச் சேரவில்லை. இவற்றுக்காக அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்திடம் 2021-இல் கேட்ட 99 என்ஜின்களில் முதலாவது வந்ததே 2025 மார்ச்சில்தான். ஐந்தாண்டுகள் மூடிக்கிடந்த உற்பத்தியை ஜி.இ. மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. பழியை அங்கேயே இறக்கிவைக்கவும் முடியாது. என்ஜின் வந்த பிறகும் சோதனைகளும் சான்றளிப்பும் பாக்கி இருந்தன. ஒப்படைக்காத விமானம் வருமானம் ஆகாது.

அடுத்து, அரசாங்கம். எச்.ஏ.எல்.லின் பெரிய வாடிக்கையாளர் நம் முப்படைகள். அங்கிருந்து வரவேண்டிய பணம் தாமதமானதால், 2019 தொடக்கத்தில் சம்பளம் கொடுக்கவே சுமார் ரூ.1,000 கோடி கடன் வாங்க நேர்ந்தது. ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பியிருப்பதும் ஓர் இடர்தான்.

மூன்றாவது, போட்டியின்மை. போட்டி இல்லை என்பதால் தரம் தானாக வந்துவிடாது. எச்.ஏ.எல்.லிடம் ஈக்வடார் வாங்கிய ஏழு துருவ் ஹெலிகாப்டர்களில் நான்கு விழுந்தன. 2015-இல் அந்நாடு ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. 2025 ஜனவரியில் போர்பந்தரில் ஒரு துருவ் விழுந்ததும் நாடெங்கும் அந்த ரக ஹெலிகாப்டர்கள் தரையிறக்கப்பட்டன. போயிங்கிடம் 5,000-க்கு மேற்பட்ட விமானங்களுக்கு ஆர்டர் இருந்தபோதுதான் 737 மேக்ஸ் விபத்துகள் இரண்டு 346 உயிர்களைப் பறித்தன. அந்த ரகம் அமெரிக்காவில் இருபது மாதங்கள் பறக்கவில்லை. விமானத் தொழிலில் தரக்குறைவு முதலில் உயிரைக் கேட்கும், பிறகு தொழிலைக் கேட்கும்.

ஏட்டில் இருப்பதெல்லாம் கைக்கு வராது என்பது செட்டிநாட்டுக்குப் புதுப் பாடமல்ல. 1930-களின் நெல்விலைச் சரிவில், கொடுத்த கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் நன்செய்களில் ஏறத்தாழ கால்பங்கு நகரத்தார் கைக்கு வந்தது. ஏட்டில் அது பெருஞ்சொத்து. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு வந்தது. 1948-இல் நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டமும் வந்தது. கணக்கில் இருந்தது கைக்கு வரவில்லை. ஒரே நாட்டில், ஒரே விளைபொருளில் முடங்கிய முதல் அது.

எச்.ஏ.எல். சும்மா இருக்கவில்லை என்பதும் உண்மை. நாசிக்கில் தேஜஸுக்கு மூன்றாவது உற்பத்தி வரிசை வந்துவிட்டது. இறக்கைகளை எல் அண்ட் டி கோயம்புத்தூரில் செய்து, 2025 ஜூலையில் முதல் இணையை ஒப்படைத்தது. இடரைப் பகிர்வது இப்படித்தான்.

ஆனால் என்ஜினுக்கு இன்னும் ஒரே வாசல்தான். பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்களுக்கு இடர் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது செபி. அந்தக் குழுவின் வேலை ஆண்டறிக்கைப் பக்கங்களோடு நின்றுவிடக் கூடாது. எத்தனை என்ஜின் வந்தது, எந்தச் சோதனை பாக்கி, எவ்வளவு பணம் நிலுவை என்பதைக் காலாண்டுதோறும் நிறுவனம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆர்டர் தொகையைக் கேட்டு மகிழும் நாமும் இந்த மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அந்த விமானங்களில் ஏறப்போகிறவர்கள் நம் பிள்ளைகள்.