பழைய மோட்டாருக்கு மினரலா, சிந்தெட்டிக்கா? ஆயுத பூசைக்கு முன்னாடி தொண்டர்கள் சொல்ல விரும்புவது



வழக்கமா இந்தப் பக்கத்துல உபயப் பட்டியல், அன்னதான நேரம், சிரமதான அறிவிப்புதான் போடுவோம். இன்னைக்குக் கொஞ்சம் வேற விசயம். நவராத்திரி நெருங்குது. ஆயுத பூசை அன்னைக்கு நம்ம ஆலய வாசல்ல மோட்டார் வரிசையா நிக்கும். விபூதி, சந்தனம், குங்குமம் வச்சு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தி நசுக்கி அனுப்பி வைப்போம். அந்த வரிசையில பழசுதான் அதிகம். 1987இல் இந்த நாட்டுக்கு வந்த ஹோண்டா இஎக்ஸ்5, 1996இல் வந்த மொடெனாஸ் கிரிஸ், தாத்தா காலத்துச் சி70 கூட இரண்டு மூணு வரும்.

பூசை முடிஞ்சு சாப்பாட்டுப் பந்தியில உக்காந்ததும் வருசா வருசம் ஒரே வாக்குவாதம். "பழைய மோட்டாருக்குச் சிந்தெட்டிக் ஊத்தாதே, எஞ்சின் போயிரும்"னு ஒரு கட்சி. "விலை கூடுனதுதான் நல்லது, மினரல் எல்லாம் அந்தக் காலம்"னு இன்னொரு கட்சி. நம்ம தொண்டர்கள்ல மோட்டார் பட்டறையில வேலை செய்யுறவங்க இருக்காங்க, முப்பது வருசமா ஒரே கப்சாய் ஓட்டுறவங்களும் இருக்காங்க. எல்லாரும் பேசி முடிவா ஒரு கருத்துக்கு வந்திருக்கோம்.

எங்க கருத்து இதுதான். பழைய கப்சாய்க்கு நல்ல மினரல் எண்ணெய் போதும். ஆனா அதை நேரத்துக்கு மாத்தணும், நடுவுல அளவு பாக்கணும். இந்த இரண்டையும் செய்யாதவருக்கு எந்தச் சிந்தெட்டிக்கும் துணைக்கு வராது.

ஏன் இப்படிச் சொல்றோம்னு விளக்குறோம்.

முதல்ல, மினரல்னா கச்சா எண்ணெயைச் சுத்திகரிச்சு எடுக்கிறது. சிந்தெட்டிக்னா ரசாயன முறையில மூலக்கூறுகளை ஒரே சீரா அமைச்சு உருவாக்குறது. ஆனா போத்தல்ல "சிந்தெட்டிக்"னு எழுதியிருக்கிற எல்லாமே அப்படி உருவானது இல்ல. கச்சா எண்ணெயையே ரொம்ப ஆழமாச் சுத்திகரிச்சு எடுக்கிற மூணாவது வகை அடிப்படை எண்ணெயையும் பல நாட்டுல சிந்தெட்டிக்னே விக்கிறாங்க. 1999இல் அமெரிக்காவுல இரண்டு பெரிய எண்ணெய் நிறுவனங்களுக்கு நடுவுல இதைப் பத்தி வழக்கு மாதிரி ஒரு விவாதம் நடந்து, விளம்பரங்களைப் பரிசீலிக்கிற அமைப்பு அப்படிச் சொல்லிக்கலாம்னு முடிவு சொன்னது. அதனால முன்பக்க எழுத்தை மட்டும் பாத்து மயங்க வேணாம்.

இருந்தாலும் உண்மையைச் சொல்லணும். நல்ல சிந்தெட்டிக் கடும் சூட்டைக் கூடுதலாத் தாங்கும், சீக்கிரம் கெட்டுப் போகாது, கசடு கம்மி. இதுல சந்தேகம் இல்ல. கேள்வி என்னன்னா, அந்த நன்மையை நம்ம பழைய மோட்டார் அனுபவிக்குமா?

இங்கதான் பலருக்குத் தெரியாத ஒரு விசயம் இருக்கு. காருக்கு எண்ணெய் மாத்தும்போது காகித ஃபில்டரையும் சேத்து மாத்துவாங்க. பழைய இஎக்ஸ்5, சி70 மாதிரி எஞ்சினுக்கு அந்தக் காகித ஃபில்டரே கிடையாது. உள்ள ஒரு கம்பி வலை இருக்கும், கிளட்ச் பக்கம் சுழல்ற கிண்ணம் ஒண்ணு இருக்கும். அது சுத்துற வேகத்துல கனமான அழுக்கு ஓரத்துல போய் ஒட்டிக்கும். மிச்சம் இருக்கிற நுண்ணிய கரியும் இரும்புத் தூளும் எண்ணெயிலேயே சுத்திக்கிட்டு இருக்கும். அதை வெளியேத்த ஒரே வழி, அடியில இருக்கிற போல்டைக் கழட்டி எண்ணெயை ஊத்திவிடுறதுதான். எண்ணெய் எவ்வளவு விலை உயர்ந்ததா இருந்தாலும் அதுல மிதக்கிற அழுக்கு அழுக்குதான். சிந்தெட்டிக்கோட பெரிய விளம்பரமே "ரொம்ப தூரம் ஓடலாம்"கிறது. ஃபில்டர் இல்லாத எஞ்சின்ல அந்த வாக்குறுதிக்கு அர்த்தம் குறைவு.

இரண்டாவது விசயம், அளவு. கார்ல நாலு லிட்டர் எண்ணெய் இருக்கும். கப்சாய்ல ஒரு லிட்டருக்கும் குறைவு. அந்தக் கொஞ்சூண்டு எண்ணெய்தான் எஞ்சினுக்கும் போகணும், கியருக்கும் போகணும், கிளட்சுக்கும் போகணும். தண்ணி ரேடியேட்டர் கிடையாது, காத்துதான் குளிர்விக்கணும். அதனால சூட்டை வாங்கி வெளிய கொண்டு வர்ற வேலையும் எண்ணெய் தலையிலதான். பழைய எஞ்சின்ல பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கும், வால்வு சீல் காஞ்சு கெட்டியாகியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமா எண்ணெய் எரிஞ்சு போகும். கார்ல இருநூறு மில்லி குறைஞ்சா பெருசாத் தெரியாது. கப்சாய்ல அது நாலுல ஒரு பங்கு.

போன வருசம் நம்ம ஆலயத்துக்குப் பூ கொண்டு வர்ற பெரியவர் ஒருத்தருக்கு இதுதான் நடந்தது. பேரு வேணாம். பட்டறைக்காரர் ஒருத்தர் முழுச் சிந்தெட்டிக் ஊத்தி, "ஐயா, இனி ஐயாயிரம் கிலோமீட்டர் தொட வேணாம்"னு சொல்லி அனுப்பிட்டார். பெரியவரும் நம்பிக்கையாத் தொடவே இல்ல. அவரோட மோட்டார் ஏற்கெனவே நீலப் புகை விடுற மோட்டார். ஒரு நாள் விடியக்காலையில பசார்ல இருந்து பூ மூட்டையோட வரும்போது எஞ்சின் இறுகி நின்னுடுச்சு. பிரிச்சுப் பாத்தா அடியில எண்ணெய் ஒரு கைப்பிடி அளவுகூட இல்ல. பிளாக்கு முழுக்கக் கீறல். எண்ணெய் தரமானதுதான், குத்தம் அதுல இல்ல. மாசத்துக்கு இரண்டு தடவ குச்சியை இழுத்துப் பாக்கணும்னு யாரும் அவருக்குச் சொல்லல. பிளாக்கு, பிஸ்டன், கூலின்னு போன காசு ஒரு பக்கம். இரண்டு வாரம் பூ வியாபாரம் இல்லாமப் போனது இன்னொரு பக்கம். நம்ம சனங்கள்ல பலருக்கு மோட்டார் நின்னா அன்னைக்குச் சம்பளம் நின்னுச்சு. அதனாலதான் இதை ஒரு பொதுப் பிரச்சினையா எழுதுறோம்.

நம்ம ஆலயத்துல அணையா விளக்குக்கு எண்ணெய் பாக்க ஆள் போட்டிருக்கோம் இல்லையா? உயர்ந்த நல்லெண்ணெயா வாங்கி ஊத்திட்டு, "இனி ஒரு வாரம் யாரும் பாக்க வேணாம்"னு கதவைச் சாத்திட்டுப் போறோமா? வந்து பாக்குறோம், குறைஞ்சா ஊத்துறோம், திரியைத் தூண்டிவிடுறோம். மோட்டாருக்கும் அதே கவனிப்புதான் வேணும்.

சரி, எதிர்க்கட்சி சொல்றதையும் பாப்போம். சிந்தெட்டிக் ஊத்துனா பழைய எஞ்சின் ஒழுகும், கெட்டுப் போயிரும்கிறது முழு உண்மையா? இல்ல. ஆரம்ப காலத்துச் சிந்தெட்டிக் எண்ணெய்கள்ல சில ரப்பர் சீலைச் சுருங்க வச்சது உண்டு. இப்ப வர்றதுல சீலைப் பாதுகாக்கிற மருந்து கலந்திருக்காங்க. இன்னைக்கு ஒழுகுறதுக்குக் காரணம் பெரும்பாலும் வேற. வருசக்கணக்கா மாத்தாத எஞ்சின்ல கசடு படிஞ்சு, காஞ்சுபோன சீலோட ஓட்டையை அந்தக் கசடே அடைச்சு வச்சிருக்கும். புது எண்ணெயில இருக்கிற சுத்தம் பண்ற மருந்து அதைக் கரைச்சுவிட்டதும் மறைஞ்சிருந்த ஒழுக்கு வெளிய வரும். எண்ணெய் ஓட்டை போடல, இருந்த ஓட்டையைக் காட்டிக் கொடுத்துச்சு. சீலை மாத்துங்க, ஒழுக்கு நின்னுடும்.

அப்ப யாருக்குச் சிந்தெட்டிக் தகும்? நாள் முழுக்க வெயில்ல சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிற தம்பிகளுக்கு, சிக்னலுக்குச் சிக்னல் நின்னு நின்னு எஞ்சின் கொதிக்கும். அவங்களுக்கு அந்தக் கூடுதல் சூடு தாங்குற சக்தி உபயோகம். தைப்பூசத்துக்கு ஜொகூர்ல இருந்து பத்துமலைக்கு நெடுஞ்சாலையில ஓட்டி வர்றவங்களுக்கும் உபயோகம். எஞ்சின் பிரிச்சுப் புதுசா ரிங், சீல் போட்டு நல்ல நிலையில இருந்தாலும் தாராளமா ஊத்தலாம். ஆனா புகை விடுற, ஒழுகுற மோட்டார்ல ஊத்துனா அந்த விலைக்கு வாங்குனது புகையா வானத்துக்கும் துளியாத் தரைக்கும் போகுது. ஒரு போத்தல் சிந்தெட்டிக் விலையில பெரும்பாலும் இரண்டு, சில இடத்துல மூணு போத்தல் மினரல் வாங்கலாம். அந்தக் காசுல இரண்டு தடவ புது எண்ணெய் மாத்துறது பழைய எஞ்சினுக்குச் செய்யுற பெரிய உபகாரம்.

மினரலா சிந்தெட்டிக்கான்னு கேக்கிறதுக்கு முன்னாடி போத்தலோட பின்பக்கத்துல இரண்டு விசயம் பாருங்க.

ஒண்ணு, ஜாசோ எம்ஏ, இல்லைன்னா எம்ஏ1, எம்ஏ2ன்னு எழுதியிருக்கணும். இது ஜப்பான்காரங்க 1998இல் மோட்டார் சைக்கிளுக்காகவே கொண்டு வந்த தர அளவு. நம்ம கப்சாய்ல கிளட்ச் எண்ணெய்க்குள்ளேயே ஊறிக்கிட்டு இருக்கு. சில கார் எண்ணெய்ல வழுவழுப்புக்காகச் சேர்க்கிற மருந்து கிளட்சை வழுக்க வச்சிரும். எஞ்சின் கத்தும், வண்டி நகராது. வீட்டுல மிச்சம் இருக்கிற கார் எண்ணெயை வீணாக்கக் கூடாதுன்னு மோட்டார்ல ஊத்துறவங்க தயவுசெய்து நிறுத்துங்க. எம்பின்னு போட்டிருந்தா அது ஸ்கூட்டருக்கு உள்ளது, கப்சாய்க்கு வேணாம்.

இரண்டு, கெட்டி அளவு. 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50ன்னு இருக்கும். டபிள்யூவுக்கு முன்னாடி உள்ள எண் குளிர்ல எப்படி ஓடும்னு சொல்றது. பனி கொட்டுற நாட்டுக்கு அது முக்கியம். நம்ம ஊர்ல கேமரன் மலையிலகூட அந்தக் கவலை இல்ல. பின்னாடி உள்ள எண்தான் எஞ்சின் சூடானப்புறம் எவ்வளவு கெட்டியா நிக்கும்னு சொல்றது. கையேட்டுல சொன்ன எண்ணோட ஆரம்பிங்க. ரிங் தேஞ்ச பழைய எஞ்சின் எண்ணெய் குடிச்சா, கையேடு அனுமதிக்கிற அளவுக்குள்ள கொஞ்சம் கெட்டியானதுக்குப் போகலாம், குடிக்கிறது ஓரளவு குறையும்.

இரண்டு ஸ்ட்ரோக் வச்சிருக்கிற தம்பிகளுக்கு, ஆர்எக்ஸ்-இசட் மாதிரி, கணக்கு வேற. அங்க 2டி எண்ணெய் எரிஞ்சே தீரும், அதுதான் அதோட வேலை. ஜாசோ எஃப்சி இல்லைன்னா எஃப்டி பாத்து வாங்குங்க. புகையும் கரியும் குறையும். பிளாக்கைப் பாதுகாக்கிறது அந்த எண்ணெய்தான், கஞ்சத்தனம் பண்ணாதீங்க. கியர் எண்ணெய் தனி, அதையும் மறந்துடாதீங்க.

கடைசியா எங்க ஆலோசனை. எண்ணெயை நம்பிக்கையான கடையில வாங்குங்க. போலி எண்ணெய் பிடிபட்ட செய்தி இந்த நாட்டுல பலமுறை வந்திருக்கு. சீல் உடையாத போத்தலை உங்க கண்ணு முன்னாடி திறக்கச் சொல்லுங்க. 1,500இல் இருந்து 2,000 கிலோமீட்டருக்குள்ள மாத்துங்க, கம்மியா ஓட்டினாலும் மூணு மாசத்துக்கு ஒரு தடவ மாத்துங்க. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவ பெட்ரோல் ஊத்துற அன்னைக்கே குச்சியைப் பாருங்க. சமதரையில நடு ஸ்டாண்டு போட்டு, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, இரண்டு மூணு நிமிசம் காத்திருந்து, குச்சியைத் துடைச்சு உள்ள விட்டு எடுங்க. ஹோண்டா கப்சாய்ல குச்சியைத் திருகாம விட்டுப் பாக்கணும். திருகிப் பாத்தா இருக்கிறதைவிடக் கூடுதலாக் காட்டும், ஏமாந்துருவீங்க.

இன்னொண்ணு. மாத்துன கறுப்பு எண்ணெயைக் கால்வாய்ல ஊத்தாதீங்க. 2005ஆம் ஆண்டு விதிமுறைப்படி அது எஸ்டபிள்யூ305ன்னு பட்டியல் போட்ட அபாயக் கழிவு. கால்வாய் ஆத்துக்குப் போகுது. அதே ஆத்தங்கரையிலதான் நாம கரகம் பாலிச்சுப் பால்குடம் எடுக்கிறோம். பழைய போத்தல்ல ஊத்தி மூடி, பட்டறையில கொண்டு போய்க் கொடுங்க. சேத்து வைக்கிற தொட்டி அங்க இருக்கும்.

இந்த வருசம் ஆயுத பூசை அன்னைக்குக் காலையில, பூசைக்கு முன்னாடி ஒரு மணி நேரம், வாகனம் நிறுத்துற இடத்துல நம்ம தொண்டர்கள் நிப்பாங்க. யாரோட மோட்டாரா இருந்தாலும் குச்சி இழுத்துப் பாத்து, குறைஞ்சிருந்தா சொல்லுவாங்க. காசு எதுவும் வேணாம். வயசானவங்க, தனியா மோட்டார் ஓட்டுற அக்காமார், அவசியம் வாங்க, கூச்சப்பட வேணாம். எலுமிச்சம்பழம் நாங்க வச்சிருப்போம். எண்ணெய் இருக்கான்னு நீங்களும் வீட்டுலயே ஒரு தடவ பாத்துட்டு வாங்க.

அம்பாள் அருளால எல்லாரும் பத்திரமா வந்து, பத்திரமா வீடு போய்ச் சேரணும்.


ஆலயத் தொண்டர்கள்