பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் திறவுங்கள்

அன்புள்ள பொலிகண்டி ஊரவர்களுக்கு,

1964 மார்கழிப் புயலைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பிறகு 2008இல் நிஷா, 2020இல் புரெவி, 2024இல் ஃபெங்கல், 2025இல் டித்வா. டித்வா மட்டும் இலங்கையில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

புயல் என்றதும் ஸ்காபரோவில் இருக்கும் நாங்கள் அவரவர் தாய்தகப்பனுக்குத்தான் போன் எடுக்கிறோம். ஓடித்திரிகிறவர்கள் நீங்கள். யாருடைய வள்ளம் என்று பாராமல் எல்லாரும் சேர்ந்து மேட்டுக்கு இழுக்கிறீர்கள். கரண்ட் நிற்க முன்னம் தாங்கியை நிரப்பி, மோட்டர் இல்லாத வீட்டுக்கும் வாளியில் கொடுக்கிறீர்கள். தனியே இருக்கும் என் அம்மாவின் மருந்து, அடையாள அட்டை, காணி உறுதி எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் சுற்றி உயரத்தில் வைத்தது அடுத்த வீட்டுப் பெடியன்.

நன்றியோடு ஒன்றைக் கேட்கவும்தான் இந்த மடல். ஒழுங்கைக்கு ஒழுங்கை பூட்டிய வீடுகள். ஆட்கள் கனடாவில், லண்டனில், சுவிஸில். உயர்ந்த அத்திவாரம், கொங்கிறீற் கூரை. புயல் வந்தால், அந்த வீடுகளுக்கு முன்னால் தகரக் கொட்டிலில் இருப்பவர்கள் கைக்குழந்தையோடு இருட்டில் தஞ்சம் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு நடக்கிறார்கள்.

என் வீட்டுத் திறப்பு அடுத்த வீட்டில் இருக்கிறது. எச்சரிக்கை வந்தால் என்னைக் கேட்க வேண்டாம், திறவுங்கள். மற்ற வீடுகளுக்குச் சனசமூக நிலையம் மாரிக்கு முன்னமே ஒரு பட்டியல் போடட்டும்: திறப்பு யாரிடம், எத்தனை பேர் தங்கலாம், கிணறும் மலசலகூடமும் பாவிக்கக்கூடியதா. கிராம அலுவலரிடம் ஒரு பிரதி இருக்கட்டும். குடியேறிவிடுவார்கள் என்று பயப்படும் சொந்தக்காரருக்கு, வெள்ளம் வடிந்ததும் ஒப்படைப்போம் என்று எழுத்தில் கொடுங்கள். அவர்களோடு கதைத்துச் சம்மதம் வாங்குவது என் பொறுப்பு.

அடுத்தது மதில். கிடுகு வேலியில் பொட்டு இருந்தது. அதால் ஆளும் போகும், மழைத்தண்ணியும் போகும். மதில் இரண்டையும் மறிக்கிறது. குடாநாட்டில் ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்றுதான். நம்முடைய பக்கத்து வெள்ளம் குளமும் வாய்க்காலும் பார்த்துத்தான் கடலுக்குப் போகவேண்டும். மதிலின் அடியில் தண்ணிக்கு வழியும், பக்கத்து வளவுக்கு ஒரு சின்னப் படலையும் விடுங்கள். மதிலுக்குக் காசு அனுப்புகிறவர்களிடமும் இதைச் சொல்லி வருகிறேன்.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 எல்லாருக்கும் பாடமாக இருக்கட்டும். ஆனால் ஒழுங்கை முகப்பில் பனை முறிந்து கிடந்தால் வாகனம் வரப் பிந்தும். அதுவரைக்கும் அயல்தான் துணை. புரட்டாதி முடிய முன்னம் பட்டியலை அனுப்பினால், ஐப்பசி மழைக்கு முன் இங்குள்ள வீட்டுக்காரர் எல்லாரோடும் கதைத்து முடிப்பேன்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் ஊர்ப்பிள்ளை