தேர்வு பெற்றவர் ஒருவர், பட்டியலில் வேறொருவர்

புதுக்கடையிலிருந்து களியக்காவிளை தாண்டினால் கேரளம். நம் பங்குகளின் பிள்ளைகள் சிலர் அங்கும் படிக்கின்றனர். எனவே 2023 மே மாதம் காட்டாக்கடை கிறிஸ்தவக் கல்லூரியிலிருந்து வந்த செய்தி நமக்கு அடுத்த வீட்டுச் செய்தி.

அங்கே மாணவர் தேர்தலில் பல்கலைக்கழகப் பேரவைக்குத் தேர்வு பெற்றவர் ஒரு மாணவி. கேரளப் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற பட்டியலில் இருந்ததோ, போட்டியிடாத ஒரு மாணவர் தலைவரின் பெயர்! பொறுப்பு முதல்வர் நீக்கப்பட்டார். பேரவைத் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. காவல்துறை வழக்குப் பதிந்தது.

விதிகள் இல்லாமலில்லை. லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006-இல் நடைமுறைப்படுத்தச் சொன்னது. வேட்பாளருக்கு வயது வரம்பு உண்டு. 75 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும். செலவு 5000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அச்சிட்ட சுவரொட்டியும் கட்சிப் பணமும் ஆகா. (அந்த வழக்கே கேரளத்துக் கல்லூரிகளிலிருந்து எழுந்ததுதான்.) ஆனால் இவற்றில் பெரும்பகுதி வேட்பாளரைத்தான் கண்காணிக்கிறது, வாக்கு எண்ணியபின் பட்டியல் எழுதும் கையை அல்ல.

அம்மாணவி தாமாகவே விலகினார் என்று விளக்கம் சொல்லப்பட்டது. விலகியே இருக்கட்டும். அந்த இடத்தை மீண்டும் நிரப்பும் உரிமை வாக்களித்த மாணவர்களுக்குத்தானே? அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

‘படிக்கப் போன இடத்தில் தேர்தல் எதற்கு?’ என்று பிள்ளைகளைத் தடுக்கும் பெற்றோருக்கு இது நல்ல சாக்கு. நாம் அவ்வாறு நினைக்கவில்லை. நேர்மையான பிள்ளைகள் ஒதுங்கிய இடத்தில்தான் போட்டியிடாதவர் பெயர் எளிதாகப் பட்டியலில் ஏறுகிறது.