இன்டர்ன்ஷிப்: வேடிக்கை பார்த்ததற்கு ஒரு சர்டிபிகேட்

சங்கரன்கோவில் பக்கம் குருவிகுளம் தெரியுமா மக்களே? கரிசல் காடு. மழையை நம்பி பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிற பூமி. அந்த ஊரில் இருந்து ஒரு பையன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவன். மூன்றாம் வருஷ லீவில் ஒரு தொழிற்சாலைக்கு இன்டர்ன்ஷிப் போகிறான். "எம்புள்ள கம்பெனிக்குப் போயிருக்கான்" என்று அவன் அம்மா தெரு முழுக்கச் சொல்லியாச்சு.

முதல் நாள், கேட்டில் பேரெழுதி உள்ளே போனால் பாதுகாப்பு பற்றி அரை மணி நேரப் பேச்சு. இரண்டாம் நாள் ஒரு சூப்பர்வைசர் சுற்றிக் காட்டுகிறார். "இது லேத், இது மில்லிங், எதையும் தொட்டுறாதீங்க தம்பி." மூன்றாம் நாள் அவரையும் காணோம். அதற்கப்புறம் ஸ்டோர் ரூம் ரிஜிஸ்டர், கொஞ்சம் ஜெராக்ஸ், கேன்டீன் டீ. பதினஞ்சாம் நாள் கையில் சர்டிபிகேட். அதில் நடத்தை நன்று என்று இருக்கும். இருக்காதா பின்னே? எதையும் தொடவே இல்லையே!

கடைசியாக ரிப்போர்ட். சீனியர் கொடுத்த பழைய ஃபைலில் பேரையும் தேதியையும் மாற்றினால் முடிந்தது.

பழகின கதைதான். கல்லூரிக்குக் கல்லூரி ஊர்ப்பேர் மட்டும் மாறும். பையன் ஏமாந்துதான் வருகிறான், ஆனால் வெளியே சொல்வதில்லை. சொன்னால் சர்டிபிகேட்டுக்கு மரியாதை போய்விடுமே!

சரி, தப்பு யார் மேல்?

கம்பெனியைத் திட்டுவது சுலபம். அவர்கள் பக்கமும் கொஞ்சம் பார்க்கணும். ஓடுகிற மெஷின் பக்கத்தில் பழக்கமில்லாத பையனை நிறுத்துவது ஆபத்து. கை போனால் யார் பதில் சொல்வது? சூப்பர்வைசருக்கு அன்றைய உற்பத்திக் கணக்கு தலைக்கு மேல் இருக்கிறது. சொல்லிக்கொடுப்பதற்கு அவருக்குத் தனியாக நேரமும் இல்லை, சம்பளமும் இல்லை. அதிலும் பதினஞ்சு நாளில் கிளம்பிவிடுகிற பையனுக்கு எதைச் சொல்லிக்கொடுத்து என்ன லாபம் என்றுதான் அவர் நினைப்பார்.

கல்லூரி? லெட்டர் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. மாணவர்களும் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. போகாமலே சர்டிபிகேட் வாங்கித் தரும் ஆளைத் தேடுகிறவர்கள் எல்லா வகுப்பிலும் இரண்டு பேராவது உண்டு.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. ஏஐசிடிஇ 2018-ல் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டத்தில் பி.இ., பி.டெக்.குக்கு மொத்தம் 160 கிரெடிட். அதில் இன்டர்ன்ஷிப், ப்ராஜெக்ட் மாதிரி விஷயங்களுக்கே 14 முதல் 20 கிரெடிட் வரை ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு 600 முதல் 700 மணி நேரம் என்று கணக்கு. மாணவன் தினமும் டைரி எழுத வேண்டும், கம்பெனியில் ஒருவர் அவனை மதிப்பிட வேண்டும், கல்லூரி ஆசிரியர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் அதன் வழிகாட்டுதல் சொல்கிறது. நடப்பது என்ன? டைரி கடைசி ராத்திரி ஹாஸ்டலில் ஒரே பேனாவில் எழுதப்படுகிறது.

இது சரியாக நடந்த இடங்களும் இருக்கின்றன. 1906-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர், படிப்பையும் தொழிற்சாலை வேலையையும் மாற்றி மாற்றி வைக்கும் முறையைத் தொடங்கினார். பிட்ஸ் பிலானியில் 1973-ல் பிராக்டிஸ் ஸ்கூல் வந்தது. அதில் இரண்டாம் கட்டம் மட்டுமே ஐந்தரை மாதம். அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம், கோயம்புத்தூர் பிஎஸ்ஜி டெக்கில் சாண்ட்விச் படிப்பு என்று ஐந்து வருஷ பி.இ. இருக்கிறது. படிப்புக்கு நடுவே தொழிற்சாலைப் பயிற்சியும் சேர்த்துத்தான் அந்தக் கூடுதல் வருஷம். இந்த மூன்றிலும் பயிற்சிக்கு என்று பாடத்திட்டத்திலேயே காலம் ஒதுக்கியிருக்கிறது. லீவில் ஒட்டவைத்த சமாச்சாரமாக அது இல்லை.

இன்னொரு பக்கம் சங்கரன்கோவில் பஜாரில் ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையைப் பாருங்கள். அங்கே சேர்கிற பையன் முதல் வாரமே கையில் ஸ்பேனர் பிடிப்பான். ஏன்? அவன் கழற்றிக் கொடுக்காவிட்டால் கடைக்காரருக்கு வேலை நகராது. தப்பாகக் கழற்றினால் அங்கேயே திட்டு விழும். திட்டுவதற்கு ஒரு ஆள் இருப்பதே பெரிய பாக்கியம் என்பது, பதினஞ்சு நாள் யாருமே கவனிக்காமல் உட்கார்ந்திருந்தவனைக் கேட்டால் தெரியும்.

இதில் நிஜமாகவே வலிக்கிற இடம் ஒன்று உண்டு. மாமாவோ சித்தப்பாவோ சென்னையில் பெரிய கம்பெனியில் இருக்கிற பையனுக்கு நல்ல இன்டர்ன்ஷிப் கிடைத்துவிடும். தங்க வீடும் இருக்கும். குருவிகுளத்துப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-ல் இன்ஜினியரிங்கிலும் 7.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது. கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. நல்ல விஷயம். ஆனால் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்து விட்டவனை, தொழிற்சாலை வாசலில் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டால் எப்படி? மத்திய அரசு 2024-ல் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் என்றார்கள். அதிலும் முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்களைத் தொடக்கத்தில் சேர்க்கவில்லை.

பெரிதாக எதுவும் கேட்க வேண்டாம். மூன்றே மூன்று போதும்.

ஒன்று, மாணவனுக்குப் பொறுப்பாக ஒரு ஆள். அவர் பேர் முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு, அவனால் முடிகிற ஒரு சின்ன வேலை. ஒரு மெஷின் வாரத்தில் எத்தனை தடவை நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று குறித்துக் கொடுப்பது போதும். எதையும் தொடாமலே செய்யலாம், கம்பெனிக்கும் உபயோகம்.

மூன்று, பஸ் காசும் சாப்பாட்டுக் காசும். உதவித்தொகை என்று பெரிய பேர் கூட வேண்டாம்.

இந்த மூன்றும் இல்லாத இடத்துக்கு லெட்டர் கொடுப்பதைக் கல்லூரிகள் நிறுத்தினாலே பாதி சரியாகிவிடும். மீதிப் பாதி மாணவர்கள் கையில். அடுத்த வருஷம் ஜூனியர் வந்து பழைய ரிப்போர்ட் கேட்டால் கொடுக்காதீர்கள். அங்கே என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.

அந்த அம்மா இன்னமும் "கம்பெனியில என்னய்யா செஞ்ச?" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். "சும்மா இருந்தேம்மா" என்று எந்தப் பிள்ளையால் சொல்ல முடியும்?