செத்தவன் பேரை விடுங்க, செத்த காரணத்தைச் சொல்லுங்க

கொஞ்சம் சூடான பதிவு இது. 'அந்த வீடியோ இருக்கா, அனுப்பேன்' என்று கேட்கும் பழக்கம் உள்ளவர்கள் இப்பவே ஜன்னலை மூடிட்டுக் கிளம்பிடலாம். அப்புறம் 'ஏன்யா திட்டுற'ன்னு சண்டைக்கு வரக்கூடாது.

2025 செப்டம்பர் 19 அன்று அசாம் பாடகர் ஜுபின் கர்க் சிங்கப்பூரில் இறந்துபோனார். வயசு 52. 2006ல வந்த 'கேங்ஸ்டர்' இந்திப்படத்து 'யா அலி' பாட்டுன்னா நம்ம ஆளுங்களுக்கும் தெரியும். முதல் செய்தி என்ன? 'ஸ்கூபா டைவிங் விபத்து.' நாடு முழுக்க அப்படித்தான் ஓடியது. ஆக்சிஜன் சிலிண்டர் பழுது, பயிற்சியாளர் தப்பு, கடலடியில் மாரடைப்பு என்று டீக்கடை நிபுணர்கள் வரை ஆளுக்கொரு பிரேதப் பரிசோதனை செஞ்சு முடிச்சாச்சு. (ஸ்கூபா சிலிண்டரில் இருப்பது சாதாரணக் காற்று அல்லது நைட்ரஜன் குறைச்ச கலவை. வெறும் ஆக்சிஜனோட ஆழத்துக்குப் போனா அதுவே ஆளைக் கொன்னுடும். இது தெரியாதவங்கதான் அன்னிக்கு அதிகமா பேசினாங்க.)

உண்மையில் அது ஸ்கூபாவே இல்லை. லாசரஸ் தீவுப் பக்கம் ஒரு யாட்டில் போனவர் கடலில் இறங்கி நீந்தியிருக்கிறார். 2026 ஜனவரியில் சிங்கப்பூர் மரண விசாரணை மன்றத்தில் வெளிவந்த விவரம்: முதல் தடவை போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டிட்டார், ரெண்டாவது தடவை அது இல்லாமலே இறங்கினார். நமக்கெல்லாம் பயன்படக்கூடிய ஒரே சேதி இதுதான். கடலுக்குள்ள இறங்கினா அந்த ஆரஞ்சுச் சட்டையைக் கழட்டாதே. அவ்வளவுதான். ஆனா அந்தச் சேதி எங்கே போச்சு? கடைசி நிமிட வீடியோ எல்லாருடைய செல்போனுக்கும் வந்துச்சு. அவருடைய உடம்பு, மருந்து, குடும்பம், கூட இருந்தவங்க யாரு என்னன்னு எல்லாம் சந்திக்கு வந்துச்சு. பொறுமையா இருங்க, ஊகங்களைப் பரப்பாதீங்கன்னு சிங்கப்பூர் போலீஸ் அறிக்கை விடவேண்டி வந்தது. அசாமில் வழக்கு வேற பாதையில் போனது. அதுக்குள்ள நான் போகலை.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன்னு கேப்பீங்க. எங்க ஊர் வ. புதுப்பட்டியில் கடல் இல்லை. மேற்கே மலை, பிளவக்கல் அணை, கண்மாய், தோப்புக்குத் தோப்பு கிணறு. கிணத்துலதான் நாங்க எல்லாரும் நீச்சல் கத்துக்கிட்டோம். முங்கி அடியில போய் ஒரு கை மண் எடுத்துட்டு வர்றவன்தான் அந்தக் கோடைக்கு ஹீரோ. அதுக்கு ஒரு டெக்னிக் வேற வெச்சிருந்தோம். குதிக்கிறதுக்கு முன்னாடி இருபது முப்பது தடவை வேக வேகமா மூச்சை இழுத்து இழுத்து விடுறது. அப்படிச் செஞ்சா ரொம்ப நேரம் தம் கட்டலாம். நிஜமாவே கட்டலாம்!

அப்படி முங்கின ஒரு பையன் மேல வரலை. எந்த வருசம், எந்தக் கிணறு, எந்தத் தெருங்கறதை வேணும்னே விடுறேன். எனக்கு ரெண்டு வயசு மூத்தவன், எங்க கூட்டத்துலயே நல்லா நீந்துறவன்.

அப்புறம் ஊர் பேச ஆரம்பிச்சது. கிணறு காவு கேட்டுச்சுன்னு ஒரு கட்சி. 'அவனுக்கு வலிப்பு இருந்துச்சாம்ல'ன்னு இன்னொரு கட்சி. அந்த 'ஆம்'ல ஆரம்பிச்சது, ஒரு வாரத்துல 'இருந்துச்சு'ன்னு ஆயிடுச்சு. ஒரு வருசத்துல 'அந்தக் குடும்பத்துக்கே இருக்கு'ன்னு ஆச்சு. அவனுக்கு ஒரு தங்கச்சி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்தும் ராஜபாளையத்துல இருந்தும் பொண்ணு பாக்க வந்தவங்க பஸ் ஸ்டாண்டுல இறங்கி விசாரிச்சதோட திரும்பிப் போனாங்க. ஒண்ணு ரெண்டு தடவை இல்லை. அந்த அக்கா கல்யாணம் எத்தனை வருசம் தள்ளிப்போச்சுன்னு எங்க தெருவுக்கே தெரியும். அவனுக்கு வலிப்பு இருந்ததே கிடையாது. கூடவே சுத்தின எனக்குத் தெரியாதா?

என்ன நடந்திருக்கும்ங்கறது ரொம்ப வருசம் கழிச்சு, முத்துக்குளிப்பு பத்தி ஏதோ தேடிப் படிக்கும்போதுதான் எனக்கு உறைச்சது. மூச்சு முட்டுதுன்னு நமக்குத் தோணுறது ஆக்சிஜன் குறையறதால இல்லை, ரத்தத்துல கரியமில வாயு ஏறுறதால. வேக வேகமா மூச்சு விட்டா அந்த வாயு வெளியே போயிடும். அதனால மூச்சு முட்டுற உணர்ச்சி தாமதமாத்தான் வரும். அது வர்றதுக்குள்ள ஆக்சிஜன் தீர்ந்து நினைவு தப்பிடும். கையைக் காலை அடிக்க மாட்டான், கத்த மாட்டான், சத்தமே இருக்காது. மேல ஏறும்போது அழுத்தம் குறையறதால ஆபத்து இன்னும் அதிகம். நல்லா நீந்துறவனுக்குத்தான் இது வரும், ஏன்னா அவன்தான் அவ்வளவு நேரம் உள்ள இருப்பான். மூச்சடக்கி முங்குற உலகத்துல இது எல்லாருக்கும் தெரிஞ்ச பாலபாடம்.

அவன் செத்த அடுத்த கோடையிலயும் நாங்க வேற கிணத்துல அதே மாதிரி இருபது தடவை மூச்சு இழுத்துட்டுத்தான் குதிச்சோம். ஏன்னா ஊருக்கே தெரிஞ்சது அவன் பேரு, அவன் சாதி, அவனுக்கு இல்லாத வியாதி. தெரியாம போனது அந்த இருபது மூச்சு மட்டும்தான்.

பேப்பரைப் பாருங்க. இன்னாருடைய மகன், வயசு 17, இன்ன தெரு, நண்பர்களோடு குளிக்கச் சென்றபோது நீரில் மூழ்கிப் பரிதாபச் சாவு. தீயணைப்பு வீரர்கள் உடலை மீட்டனர், போலீசார் விசாரிக்கின்றனர். விலாசம் வரைக்கும் இருக்கு. அந்த ஆழம், அந்தப் பாசி, அந்தச் சேறு, தண்ணிக்குள்ள முறிஞ்சு கிடந்த படிக்கட்டு, எதுவுமே இருக்காது. தூத்துக்குடி பக்கம் சங்கு குளிக்கிறவங்க கதையும் இதேதான். படகுல கம்ப்ரசர் ஓடும், அதுல இருந்து ஒரு ஹோஸ், அதை வாயில கவ்விக்கிட்டு அடியில மணிக்கணக்கா சங்கு பொறுக்குவாங்க. ரொம்ப நேரம் ஆழத்துல இருந்துட்டு சடார்னு மேல வந்தா, உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் குமிழா வெடிச்சுக் கிளம்பும். மூட்டுவலில ஆரம்பிச்சு பக்கவாதம், சாவு வரைக்கும் போகும். செய்தில வர்றது என்னமோ 'மூச்சுத்திணறி மீனவர் பலி', கூடவே அவர் பேரும் ஊரும். அடுத்த நாள் அதே ஹோஸைக் கவ்விக்கிட்டு இறங்குற இன்னொருத்தருக்கு இந்தச் செய்தியால காலணா பிரயோசனம் உண்டா?

வெள்ளைக்காரன் எல்லாத்துலயும் ஒழுங்குன்னு சொல்ல வரலை. ஆனா பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப்னு ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு வருசமும் விபத்து அறிக்கை போடுறாங்க. படிச்சுப் பாருங்க. எத்தனை மீட்டர் போனாங்க, எவ்வளவு நேரம் இருந்தாங்க, எந்த இடத்துல கோளாறாச்சு, கூடப் போனவர் என்ன செஞ்சார், எல்லாம் இருக்கும். பேரு இருக்காது. செத்தவர் டாக்டரா, குடிகாரரா, யாரு புருசன்னு ஒரு வார்த்தை கிடையாது. அமெரிக்காவுல 1980ல டியூக் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்ச டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கும் இதே வேலையைத்தான் பண்ணுது. நாம தலைகீழ். பேரு உள்ளே, காரணம் வெளியே.

'மக்களுக்குத் தெரிஞ்சுக்கிற உரிமை இருக்கு'ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். சரிங்கய்யா, எதைத் தெரிஞ்சுக்கிற உரிமை? 2000 ஏப்ரல்ல எகிப்து தஹாப் ப்ளூ ஹோல்ல ஒரு 22 வயசுப் பையன் ஹெல்மெட்ல கேமராவைக் கட்டிக்கிட்டு ஒத்தைச் சிலிண்டரோட இறங்கி, 90 மீட்டருக்கும் கீழே போய்ச் செத்தான். அவன் சாகுறதை அவன் கேமராவே பிடிச்சு வெச்சிருக்கு. அத்தனை வருசமா உலகமே அதைப் போட்டுப் பாக்குது. பொழுதுபோக்கு டைவிங்குக்கு 40 மீட்டர்தான் எல்லை, அதுக்குக் கீழே சாதாரணக் காத்துல நைட்ரஜனே சாராயம் மாதிரி மண்டைக்கு ஏறும்ங்கறதை ரெண்டு வரில சொல்லிடலாம். அதுக்கு ஒரு தாய் பெத்த பிள்ளையோட கடைசி மூச்சுச் சத்தம் தேவையே இல்லை.

இன்னொரு கோஷ்டி இதைவிட மோசம். சாமர்த்தியசாலிகள். 'குடும்பம் துக்கத்துல இருக்கு, தனியுரிமையை மதிங்க, எதுவும் பேசாதீங்க'ம்பாங்க. யாருன்னு பார்த்தா ஆளைக் கடலுக்குள்ள கூட்டிட்டுப் போனவங்க! கேஜ் வேலை செஞ்சுதா, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேரு, வந்தவங்ககிட்ட உடல்நலப் படிவம் வாங்கினீங்களான்னு கேட்டா உடனே துக்கம் தொண்டையை அடைச்சுக்கும். தனியுரிமை செத்தவனோடது, அவன் வீட்டாரோடது. உங்க கம்ப்ரசர் ஃபில்டருக்கு ஏதுய்யா தனியுரிமை?

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேக்குறவங்களுக்கு: 1994ல ஆட்டோ சங்கர் சுயசரிதை விஷயமா நக்கீரன் வழக்குல தனியா விடப்படும் உரிமைன்னு உச்சநீதிமன்றம் பேசுச்சு. 2017ல புட்டசாமி வழக்குல ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னே சொல்லிட்டாங்க. ஆனா ஆள் செத்தா அதுவும் கூடவே போயிடுது. 'தலைவி' பட வழக்குல 2021ல சென்னை உயர்நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. இருக்கட்டும். அரசியல்வாதி வாழ்க்கையைப் படம் எடுக்க அது நல்ல தீர்ப்பாவே இருக்கலாம். எங்க ஊர்ப் பையன் செத்துட்டான், சரி. தங்கச்சி உயிரோடதானே இருந்துச்சு?

போன தடவை ஊருக்குப் போனப்ப தோப்புப் பக்கம் நடந்தேன். கிணத்து மேட்டுல நாலஞ்சு பயலுக, ஒருத்தன் ஜட்டியோட நின்னு புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டிருக்கான். எனக்கு வயித்தைப் பிசைஞ்சிருச்சு. உட்கார வெச்சு விஷயத்தைச் சொன்னேன். அப்படி மூச்சு இழுக்காதே, ஒருத்தன் முங்கினா ஒருத்தன் மேல நின்னு எண்ணு, வரலைன்னா உடனே குதி. கேட்டுக்கிட்டானுக. கடைசில ஒரு பொடியன், "மாமா, அப்படி யாரு செத்தது? எந்த வீடு?"ன்னான்.

"அது எதுக்குடா உனக்கு? எத்தனை வரைக்கும் எண்ணணும், சொல்லு"ன்னேன்.