எங்கிருந்து பார்க்கிறீர்கள்?

"இந்த நிகழ்ச்சி உங்கள் பிராந்தியத்தில் கிடைக்காது" என்ற அறிவித்தலோடு இந்தப் பத்திக்கு உள்ள தீராப் பகையை வாசகர்கள் அறிவார்கள். இந்த வாரம் எரிச்சல் இன்னும் ஒரு படி ஏறியதற்குக் காரணம், அதே கதவில் முட்டிக்கொண்டு நிற்கும் இன்னொரு கூட்டம். 2014இல் துறைமுக நகருக்காகக் காலிமுகத்திடலுக்குப் பக்கத்துக் கடலை நிரப்பத் தொடங்கிய நாள்முதல் கொழும்பில் வேலை பார்க்கும் சீனர்களைத்தான் சொல்கிறேன். ஊரில் டென்சென்ட் வீடியோவிலும் யூகுவிலும் பார்த்த தொடர்களில் பல, கடல் தாண்டியதும் பூட்டிக்கொள்கின்றன. வெளிநாட்டாருக்கென்று வேறு செயலிகள் உண்டு. அவற்றின் பட்டியல் வேறு. சீனாவுக்குள் இருப்பவர் வெளியே எட்டிப்பார்க்க விபிஎன் தேடுகிறார். வெளியே இருப்பவர் உள்ளே எட்டிப்பார்க்கவும் அதையே தேடுகிறார்.

இதே சீனா 1963 ஆகஸ்ட் 1 முதல் வானொலியில் தமிழ் பேசியது. அறிவிப்பாளர்கள் தமிழ்ப் பெயர் சூடிக்கொண்டார்கள், நேயர் கடிதங்களை வாசித்தார்கள். கேட்பவர் எந்த ஊர் என்பது அலைவரிசைக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. எங்கள் இலங்கை வானொலியின் கதை அதைவிடப் பெரியது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர் ஆகாஷ்வாணியிலிருந்து திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, பாட்டு வேண்டியவர்கள் கொழும்புக்கு முள்ளைத் திருப்பினார்கள். 1957இல் விவித் பாரதி பிறப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் கடவுச்சீட்டு இல்லாமல் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் போய்வந்தன. தன் சினிமாப் பாட்டைக் கேட்கவே தமிழ்நாடு கொழும்பை நம்பியிருந்த காலம் அது. ஊர்ப் பாட்டு ஊரிலிருந்துதான் வரவேண்டும் என்று யாரும் சட்டம் பேசவில்லை.

உரிமத்தை நாடு நாடாகப் பிரித்து விற்றால்தான் படைத்தவருக்குக் கூலி போகும் என்பார்கள். கூலி போகட்டும். ஆனால் காசோடு வாசலில் நிற்பவரைத் திருப்பி அனுப்புவதால் யாருக்கும் கூலி போவதில்லை. வெள்ளவத்தையில் காலி வீதிப் புடைவைக்கடைக்காரர் எவரும் வாங்க வந்தவரின் ஊரைக் கேட்டுவிட்டுச் சேலையை மடித்து உள்ளே வைப்பதில்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: வெளிச்சரக்கு தாராளமாக வந்தால் உள்ளூர்ப் படைப்பு கருகிவிடும் என்பது. அதற்குச் சான்றும் எங்களிடமே இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் இந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. கடைகளில் இடம் கிடைத்தது. வீரகேசரிப் பிரசுரமாக செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', பாலமனோகரனின் 'நிலக்கிளி' போன்ற நாவல்கள் பரவலான வாசகரிடம் போய்ச்சேர்ந்தன. இந்த நன்மையை மறுப்பது நேர்மையல்ல.

ஆயினும் முழுக்கணக்கையும் பார்க்கவேண்டும். 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்து வேலி சரிந்ததும் அந்தப் பதிப்பு வேகம் தளர்ந்தது. வேலியை நம்பி நின்ற சந்தை வேலியோடு போயிற்று. மறுபக்கம், தமிழகத்துப் பாட்டு நாள் முழுக்க ஒலித்த அதே வானொலிக் காலத்தில்தான் எங்கள் பொப்பிசையும் தழைத்தது, ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடலைக் கடந்து தமிழ்நாட்டையே ஆடவைத்தது. கொட்டாஞ்சேனை வீட்டில் சென்னைத் தொடர் ஓடுவதால் அந்த வீடு கொழும்பை விட்டுப் போய்விடவில்லை. துறைமுக நகரின் சீனர் தன் ஊர்த் தொடரைப் பார்த்தாலும் அப்படித்தான். 'நிலக்கிளி'யை இன்றும் தேடிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியச் சஞ்சிகை கிடைக்காத குறைக்கு அல்ல, அது நல்ல நாவல் என்பதற்காக.